மீனுக்கும் மூச்சு வாங்கும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடை மதியம். கரண்ட் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது, தொட்டியில் காற்றுக் குமிழி விடும் மோட்டாரும் நின்றுபோயிருந்தது. போய்ப் பார்த்தால் அத்தனை மீனும் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. பாவம், பசி போல என்று நினைத்து நான் ஒரு பிடி இரையைத் தூவினேன். அன்றைக்கு அதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்திருக்கவே முடியாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஆறில் நான்கு மிதந்தன. அதிலும் பெரியவைதான் முதலில் போயின, விரல் நீளம்கூட இல்லாத இரண்டு பொடிசுகள் பிழைத்துக்கொண்டன.

பெரியது தாங்கும், சின்னது போய்விடும் என்றுதானே நாம் நினைப்போம்? ஏன் தலைகீழாக நடந்தது என்று தேடப் போனவன்தான், அப்புறம் ஏரி, ஆறு, மீன் என்று அகப்பட்டதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பூமி சூடாகிறது என்று பேச்செடுத்தால் பனிப்பாறை வரும், கடல் மட்டம் வரும், துருவக் கரடி கட்டாயம் வரும். நன்னீர் மீனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இத்தனைக்கும் உலகத்து மீன் வகைகளில் ஏறக்குறைய பாதி, 18,000 வகைக்கு மேல், ஆற்றிலும் ஏரியிலும் குளத்திலும் வாழ்பவை. கடலின் பரப்போடு ஒப்பிட்டால் இந்த நீரெல்லாம் சேர்ந்தும் ஒரு துளி.

முதலில் அந்த மதியத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். மீனைக் குளிர் ரத்தப் பிராணி என்று படித்திருப்போம், கொஞ்சம் ஏமாற்றும் பெயர் அது. தண்ணீர் எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரிதான் மீனின் உடம்பும். நமக்கு 2 டிகிரி காய்ச்சல் ஏறினால் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம். தண்ணீர் சூடானால் மீனுக்குப் படுக்க இடம் கிடையாது. உடம்பு சூடாகச் சூடாக உள்ளே நடக்கும் வேலையெல்லாம் வேகமெடுக்கும், 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும் என்பது தோராயமான கணக்கு. சரி, வரவு எப்படி? 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் 7.6 தான். தேவை இரட்டிப்பாகும் நேரம் பார்த்து இருப்பு குறைகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு 270 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது என்பதை இதோடு வைத்துப் பார்த்தால், ஒரு மீன் சாதாரண நாளிலேயே எவ்வளவு நெருக்கடியில் குடித்தனம் நடத்துகிறது என்று புரியும்.

நான் போட்ட இரை? செரிப்பதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மூச்சு முட்டிக்கொண்டிருந்தவற்றை விருந்துக்கு உட்காரவைத்திருக்கிறேன், மிச்சம் விழுந்த இரையும் அழுகி இருந்த ஆக்சிஜனையும் இழுத்துக்கொண்டது. பெரிய மீனுக்கு மொத்தத் தேவை அதிகம். பொடிசுகள் மேல்தளத்தில் காற்றோடு ஒட்டியிருக்கும் மெல்லிய நீரை உறிஞ்சிக்கொண்டு சமாளித்துவிட்டன.

இது சாவைப் பற்றிய கணக்கு. வளர்ச்சியின் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது, இதைவிட மறைவானதும்கூட, ஏனென்றால் இங்கே எந்த மீனும் மிதக்காது.

மீன் தின்றதில் ஒரு பங்கு உயிரைப் பிடித்து வைக்கவே போய்விடும். ஒரு பங்கு நீந்த, ஒரு பங்கு செரிக்க, ஒரு பங்கு கழிவாக. அதெல்லாம் போக மிச்சமிருந்தால்தான் சதை, சினை எல்லாம். தண்ணீர் சற்றுச் சூடானால் மீன் சுறுசுறுப்பாகும், அதிகம் தின்னும், மிச்சமும் கூடும், அதனால் வேகமாக வளரும். ஒரு கட்டம் வரைக்கும்தான் அது. அந்தக் கட்டத்தைத் தாண்டினால் உயிரைப் பிடித்து வைக்கும் செலவு ஏறிக்கொண்டே போகிறது, தின்னும் அளவோ சட்டென்று விழுகிறது, வளர்ச்சி ஏறியதைவிட வேகமாக இறங்குகிறது.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது ஒரு பழைய பரிசோதனை. கனடாவில் பிரெட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் நன்னீரில் பிறந்து கடலுக்குப் போய் வளரும் சாக்கை சால்மன் என்ற மீனின் குஞ்சுகளை வெவ்வேறு சூட்டில், வெவ்வேறு அளவு இரை கொடுத்து வளர்த்துப் பார்த்து 1969இல் வெளியிட்டார்கள். வேண்டிய மட்டும் இரை கொடுத்தபோது குஞ்சுகள் 15 டிகிரியில் பிரமாதமாக வளர்ந்தன. இரையை ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் என்று குறைத்தபோது, நன்றாக வளர்ந்த சூடு 5 டிகிரிக்கு இறங்கிவிட்டது. அதே மீன், அதே வயது. இரை குறைந்ததும் 15 டிகிரி என்பது கட்டுப்படியாகாத வீடாகிவிட்டது. 'இந்த மீன் இத்தனை டிகிரி வரை தாங்கும்' என்று அட்டவணை போட்டு எழுதுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வருகிறது. வயிறு நிறைந்த மீன் தாங்கும். ஆற்றில் எந்த மீனுக்கு மூன்று வேளையும் வயிறு நிறைகிறது?

குளிர் தேசங்களில் சில மீன்களுக்கு இப்போது நல்ல காலம் என்பதையும் சொல்லியாக வேண்டும், அதை மறைத்தால் நேர்மை இல்லை. அலாஸ்காவில் பிரிஸ்டல் வளைகுடாவில் சேரும் ஆறுகளின் ஏரிகளில் தண்ணீர் சூடாகி, மிதவை உயிரிகள் பெருகி, சாக்கை குஞ்சுகள் சீக்கிரமே வளர்ந்துவிடுகின்றன. முன்பு இரண்டு வருடம் ஏரியில் இருந்துவிட்டுக் கடலுக்குப் போனவற்றில் பல இப்போது ஒரே வருடத்தில் கிளம்பிவிடுகின்றன. லாபம்தானே என்றால், கடலில் போட்டி அதிகமாகிவிட்டதால் அங்கே ஒரு வருடம் கூடுதலாகத் தங்க வேண்டியதாகிவிட்டது. இங்கே மிச்சம் பிடித்ததை அங்கே செலவு செய்கிறது.

அப்புறம் இந்த அளவு சிறுத்துப்போகும் விவகாரம். சூடான நீரில் பிறந்த மீன் சின்ன வயதில் மளமளவென்று வளரும், சீக்கிரமே சினைப்பருவத்துக்கு வந்துவிடும், பிறகு வளர்ச்சி நின்றுபோய் முழு வயதில் குட்டையாக நிற்கும். பிஞ்சில் பழுத்தது என்று சொல்வோமே, அட்சரம் பிசகாமல் அதுதான். பிரான்சின் ஆற்று மீன்களையும் வேறு சில நீர்வாழ் உயிர்களையும் சேர்த்துப் பார்த்த ஒரு 2009 ஆய்வு, சூடாகும் நீரில் சிறிய வகைகளும் இளம் மீன்களும் கூட்டத்தில் அதிகமாகின்றன, சராசரி அளவு குறைகிறது என்று காட்டியது. ஏன் இப்படி என்பதில் அடிதடியே நடக்கிறது. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி சொல்வது இது: உடம்பு கன அளவில் பெருக்கிறது, செவுள் பரப்பில்தான் பெருக்கிறது, எனவே ஒரு அளவுக்கு மேல் செவுள் கொண்டுவரும் ஆக்சிஜன் உடம்புக்குப் போதாது, சூட்டில் அந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்துவிடும். மீனின் உடலியலைப் படிப்பவர்கள் பலர் இதை ஏற்பதில்லை. செவுள் என்பது மடிப்பு மடிப்பான உறுப்பு, உடம்புக்கு வேண்டிய அளவு அதனால் வளர முடியும், காரணத்தை வேறெங்காவது தேடுங்கள் என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சியின் வாதம் வலுவாகத் தோன்றுகிறது, ஆனால் என் தொட்டியில் பெரியவை முதலில் போனது முதல் கட்சியின் பக்கம் இழுக்கிறது. ஆறு மீனை வைத்துக்கொண்டு அறிவியலில் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

காரணம் எதுவானாலும் விளைவு சின்னதல்ல. நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் நீளம், அகலம், தடிமன் மூன்றும் அப்படியே குறைந்தால் எடை கிட்டத்தட்ட 27 சதவீதம் போய்விடும், சும்மா காகிதத்தில் பெருக்கிப் பார்க்கலாம். சினை வயிற்றுக்குள் இருக்கும் இடமும் அதே விகிதத்தில் போகிறது. மீன் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது என்று ஏரியைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த தலைமுறைக்கான முட்டை குறைந்துகொண்டிருக்கும்.

முட்டை என்றதும் குளிர்காலம். கோடைச் சூடுதான் பிரச்சினை என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்க-கனடா எல்லையில் உள்ள ஈரி ஏரியில் மஞ்சள் பெர்ச் என்று ஒரு மீன், அதற்குச் சினை முற்ற நீண்ட குளிர்காலம் வேண்டும். குளிர்காலம் குறுகிப்போனால் பெண் மீன்கள் இடும் முட்டை சிறுக்கிறது, பொரிவது குறைகிறது, பொரிந்த குஞ்சும் நோஞ்சானாக இருக்கிறது என்று 2015இல் வந்த ஆய்வு சொன்னது. குளிர்காலம் குறுகுகிறதா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு ஜப்பானின் சுவா ஏரி இருக்கிறது. அந்த ஏரி எந்த நாளில் உறைந்தது என்று ஷின்டோ கோயில் பூசாரிகள் 1443 முதல் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் யாராவது இப்படி எதையாவது அறுநூறு வருடம் விடாமல் எழுதியிருக்கிறார்களா என்று பொறாமையாக இருக்கிறது. பழைய குறிப்புகளில் உறையாத வருடம் என்பது அபூர்வம், இப்போது உறைந்தால்தான் அபூர்வம்.

தென் அமெரிக்காவில் பெஹெர்ரே என்ற மீனுக்கு இன்னும் விசித்திரமான சங்கடம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் தண்ணீரின் சூட்டுக்கும் பங்கு உண்டு. 17 டிகிரியில் வளர்த்தால் எல்லாம் பெண், 29 டிகிரியில் எல்லாம் ஆண். கூட்டத்தில் ஒரு மீன்கூடச் சாகாமல், வெறும் ஆண்களாகப் போய் வம்சம் நின்றுபோகும் சாத்தியத்தை யோசித்துப் பாருங்கள்.

சரி, ஏரிக்கு வருவோம். 1985 முதல் 2009 வரை உலகம் முழுக்க 235 ஏரிகளின் கோடைக்கால மேல்நீரை அளந்ததில், பத்து வருடத்துக்கு சராசரியாக 0.34 டிகிரி ஏறியிருந்தது. இது மேல்நீரின் கதை. மேல்நீர் சூடானால் அது லேசாகி மேலேயே மிதக்கும், அடியில் உள்ள குளிர்ந்த, கனமான நீரோடு கலக்காது. கலக்காவிட்டால் அடிக்கு ஆக்சிஜன் போகாது, அடியில் படிந்த சத்து மேலே வராது. இரண்டு பக்கமும் அடி. மிதவெப்ப மண்டலத்தில் 393 ஏரிகளின் 1941 முதல் 2017 வரையான அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மேல்நீரில் ஆக்சிஜன் 5.5 சதவீதமும் ஆழத்தில் 18.6 சதவீதமும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். குளிர்ந்த நீர் வேண்டும் மீனுக்கு ஆழம்தான் புகலிடம். மேலே போனால் வேகும், கீழே போனால் மூச்சு முட்டும், நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் எல்லாம் நெருக்கிக்கொண்டு நிற்கும், கோடை முற்ற முற்ற அந்த அடுக்கும் மெலியும். வட அமெரிக்க ஏரிகளில் சிஸ்கோ என்ற மீன் இப்படித்தான் இரண்டுக்கும் நடுவில் நசுங்கி, சூடான கோடைகளில் கூட்டமாகச் செத்து ஒதுங்குகிறது.

சத்து மேலே வராததன் விளைவைப் பார்க்க ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரி. கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் ஆழம், அடியில் அத்தனை சத்தும் கிடக்கிறது, காற்றடித்துக் கிளறினால்தான் மேலே வரும். ஏரி சூடாகி அந்தக் கிளறல் தளர்ந்துவிட்டது. பாசி உற்பத்தி 20 சதவீதம் அளவுக்குக் குறைந்திருக்கும், அதனால் கிடைக்கும் மீன் 30 சதவீதம் அளவுக்குக் குறையலாம் என்று 2003இல் கணக்கிட்டார்கள். அதிகமாகப் பிடித்ததால்தான் மீன் குறைந்தது என்று மறுத்தவர்கள் உண்டு. பிறகு ஏரியடிச் சேற்றைக் குழாயில் தோண்டி எடுத்து, அதில் படிந்திருந்த மீன் எச்சங்களை எண்ணியதில், பெரிய அளவு வணிக மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே சரிவு ஆரம்பித்திருந்தது தெரிந்தது. பிடித்ததும் ஒரு காரணம்தான், ஆனால் அது பிற்பாடு வந்த காரணம்.

ஆற்றில் கதை வேறு மாதிரி. 2015 கோடையில் அமெரிக்காவின் கொலம்பியா ஆறு வழக்கத்தைவிட மிகச் சீக்கிரம் சூடாகி 20 டிகிரியைத் தாண்டியது. சாக்கை சால்மன்கள் முட்டையிட மேல்நோக்கி ஏறும் காலம் அது. கடலைவிட்டு ஆற்றில் நுழைந்தபின் அவை இரை எடுப்பதே இல்லை, உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தேதான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி ஊர் போய்ச் சேர வேண்டும். தண்ணீர் சூடானால் அந்தக் கட்டுச்சோறு பாதி வழியிலேயே தீரும், கூடவே நோயும் தொற்றும். அந்த வருடம் இரண்டரை லட்சம் மீன்கள் வழியிலேயே செத்தன. அதில் வந்து சேரும் ஸ்னேக் ஆற்றுக்குப் போகவேண்டிய, ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருந்த கூட்டத்தில் கிட்டத்தட்ட 99 சதவீதம் ஊர் சேரவில்லை.

ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் மெனிண்டி அருகே 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் நடந்ததைப் படித்தபோது என் தொட்டிதான் ஞாபகம் வந்தது. வறட்சியில் ஓட்டம் நின்று ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. வெயிலில் மேல்நீரில் நீலப்பச்சைப் பாசி மண்டியது, அடியில் ஆக்சிஜன் சுத்தமாக இல்லை, மேலே மட்டும் மீன்கள் பிழைத்திருந்தன. திடீரென்று வானிலை மாறிக் குளிர்ந்த காற்று வீசியது. நல்லதுதானே என்று தோன்றும். மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடியில் இருந்த ஆக்சிஜனற்ற நீர் மேலே கலந்து, ஒரே இரவில் லட்சக்கணக்கான மீன்கள் செத்தன. பல பத்தாண்டு வயதுள்ள மர்ரே காட் மீன்களைத் தூக்கிப் பிடித்தபடி ஆட்கள் நிற்கும் படங்கள் உலகம் பூராவும் சுற்றின. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். விசாரித்த விஞ்ஞானிகள் வெயிலை மட்டும் குற்றம் சொல்லவில்லை, ஆற்றிலிருந்து பாசனத்துக்கு அளவுக்கு மீறி நீரை உறிஞ்சியதையும் சேர்த்தே சொன்னார்கள். காலநிலை மாற்றம் என்பது இப்போதெல்லாம் சிலருக்கு வசதியான சாக்காகவும் ஆகிவிட்டது. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மதகைத் திறந்தவரை யாரும் கேட்கப் போவதில்லை.

தோற்பவர்கள் இருந்தால் ஜெயிப்பவர்களும் இருக்க வேண்டும் அல்லவா? இருக்கிறார்கள். விரால், சில வகைக் கெளுத்தி போல மேலே வந்து காற்றையே குடிக்கத் தெரிந்தவை தேங்கிய வெந்நீரிலும் சமாளிக்கும். சூடு விரும்பும் மீன்கள் குளிர்ந்த பக்கம் நகர்கின்றன. கனடாவில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன் வடக்கே ஏறிப் போய், புதிதாகச் சூடான ஏரிகளில் குடியேறி, அங்கே காலங்காலமாக இருக்கும் லேக் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் இரையான சிறு மீன்களைக் காலி செய்கிறது. ஆனால் பறவைபோலப் பறந்து போய்விட மீனால் முடியாது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் போகலாம், குறுக்கே அணை இருந்தால் அதோடு சரி. கிழக்கு மேற்காக ஓடும் ஆற்றில் இருக்கும் மீனுக்கு வடக்கு குளிர்ச்சி என்று தெரிந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை.

மொத்தக் கணக்கைப் பார்த்தால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2023 டிசம்பரில் வெளியிட்ட பட்டியலில், மதிப்பிட்ட 14,898 நன்னீர் மீன் வகைகளில் 3,086 அழியும் ஆபத்தில் இருந்தன. ஆபத்தில் உள்ளவற்றில் 17 சதவீதத்தைக் காலநிலை மாற்றம் தொடுகிறது. மாசு 57 சதவீதத்தை, அணையும் நீர் உறிஞ்சலும் 45 சதவீதத்தை. அப்படியானால் காலநிலை சின்னக் காரணம்தானே என்று கேட்டால், இன்றைய தேதிக்கு ஆமாம். ஆனால் சாக்கடை கலந்த நீரில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, உறிஞ்சியது போக மிஞ்சிய நீர் சீக்கிரம் சூடாகும், எனவே இவற்றைத் தனித்தனிப் பெட்டியில் போட்டு எண்ணுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஏறத்தாழ 11,500 ஆற்று மீன் வகைகளை வைத்துச் செய்த 2021 ஆய்வு ஒன்று: பூமி 3.2 டிகிரி சூடானால் 36 சதவீத வகைகளுக்கு, அவை இன்று வாழும் பரப்பில் பாதிக்கும் மேல் இதுவரை காணாத கடுமையான நிலைமை வந்துவிடும். 2 டிகிரியில் நிறுத்தினால் அது 9 சதவீதம், 1.5 டிகிரியில் 4 சதவீதம். 9க்கும் 36க்கும் நடுவே வெறும் 1.2 டிகிரி.

சின்ன அளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஓடைக்கரையில் மரம் நின்றால் வெயில் நேராக விழாது, கோடையின் உச்சத்தில் நீர் கண்கூடாகக் குளிர்ந்திருக்கும். ஊற்று நீர் வந்து சேரும் இடங்களில் குளிர்ந்த குழிகள் இருக்கும், சூடான நாளில் மீன்கள் தேடிப் போய் அடைவது அங்கேதான், அந்த ஊற்றை வற்றவிடாமல் வைத்தால் போதும். அமெரிக்காவின் மான்டனா மாநிலத்தில் ஒரு விதி உண்டு. ட்ரவுட் ஆறுகளில் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் 73 ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 23 டிகிரியைத் தொட்டால், மதியம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிப்பார்கள், ஆந்தைத் தடை என்று அதற்குப் பெயர். பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறேன் என்று சொல்பவர்களுக்கும் சேர்த்துத்தான். தூண்டிலோடு போராடிக் களைத்த மீன் விட்டதும் நீந்திப் போவதைப் பார்த்துவிட்டு நாம் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். சூடான தண்ணீரில் அதற்குப் போன மூச்சு திரும்புவதில்லை, கொஞ்ச நேரம் கழித்து எங்கேயோ வளைவு தாண்டி ஒதுங்கும், நம் கண்ணில் படாது. நானும் அப்படி எத்தனையோ மீனை விட்டிருக்கிறேன்.